நிலைக்குத்துச் சுண்ணாம்புச் சூளை: உயரம், விட்டம் கேட்பதற்கு முன் கல்லைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். தினமும் 5 டன் சுட்ட சுண்ணாம்பு எடுக்க நிலைக்குத்துச் சூளை கட்டினால் உயரம் எவ்வளவு, விட்டம் எவ்வளவு? சீமைக்கருவேலங்கரி மட்டும் போட்டுச் சுட முடியுமா? கல் வராத நாளில் கிளிஞ்சலை அதே சூளையில் போடலாமா? இதெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இப்போதுள்ள காளவாயில் பாதிக் கல் வேகாமலும், சில கட்டிகள் கருகி ஒட்டிக்கொண்டும் வருகிறது என்று. என்னைப் பொறுத்தவரை உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அதற்குக் காரணம் தெரியாமல் புதுச் சூளை கட்டினால், அதே குறை இன்னும் உயரமான கட்டடத்துக்குள் நடக்கும், அவ்வளவுதான்.

நான் செராமிக் பொறியியல் படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் சூளைகளோடு இருப்பவன். கல்லும் கரியும் கலந்து போடுகிற சிறிய, நடுத்தரச் சூளைகள்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால் கீழே சொல்வதில் வேதியியல் கணக்கை அப்படியே நம்பலாம். அளவுகளைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லைச் சோதித்த பிறகு அவை கொஞ்சம் மாறும்.

முதலில் மாறாத கணக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இந்தப் பிரிவு சுமார் 900 டிகிரி செல்சியஸில் நடக்கும். 1 கிலோ சுண்ணாம்புக்குக் கல் உறிஞ்சும் வெப்பம் ஏறக்குறைய 760 கிலோகலோரி. எந்த வடிவமைப்பாலும் இதற்குக் கீழே போக முடியாது. நன்றாக ஓடுகிற சிறிய சூளைக்கு 1,100 முதல் 1,300 வரை செலவாகும். மேலே புகையோடு போவது, சுவர் வழியாகப் போவது, கீழே சூடாக இறங்கும் சுண்ணாம்போடு போவது என்று மிச்சம் எல்லாம் இழப்பு. திறந்த காளவாயில் இழப்பு இதைவிட மிக அதிகம். நிலைக்குத்துச் சூளையின் பலமே இந்த இழப்பைத் திரும்பப் பிடிப்பதுதான். கல் மேலிருந்து கீழே வருகிறது, காற்று கீழிருந்து மேலே போகிறது. கீழ்ப் பகுதியில் வெந்த சுண்ணாம்பு தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்து ஆறுகிறது. அந்தச் சூடான காற்று நடுவில் கரியை எரிக்கிறது. எரிந்த புகை மேலே போகும்போது புதுக் கல்லைச் சூடாக்குகிறது. கீழே இறங்கும் சுண்ணாம்பைக் கையால் தொட முடிந்து, மேலே போகும் புகை 150, 200 டிகிரிக்குள் இருந்தால் சூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரி காற்று போக வேண்டும். காற்று கற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் போகும். அதனால் சூளை வடிவமைப்பு என்று நாம் செய்வதெல்லாம் கடைசியில் அந்த இடைவெளியைக் காப்பாற்றுகிற வேலைதான். ஒரே அளவாகப் பொறுக்கிய கல்லை வாளியில் கொட்டினால் கனஅளவில் சுமார் 42 சதவீதம் காலியாக இருக்கும். சல்லியும் தூளும் கலந்து அது 30 சதவீதத்துக்கு வந்துவிட்டால், காற்றுக்கான தடை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதுவும் சூளை முழுக்கச் சீராக ஏறாது. தூள் விழுந்த பக்கம் காற்று போகாது, கல் வேகாது. எதிர்ப் பக்கம் எல்லாக் காற்றும் பாய்ந்து கரி வெறித்தனமாக எரியும், சுண்ணாம்பு கருகும். ஒரே காளவாயில் வேகாததும் கருகியதும் சேர்ந்து வருவது இதனால்தான். கரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது சரியாகாது.

ஒரு அனுபவம் சொல்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில் புதிதாகக் கட்டிய சூளை மூன்றே வாரத்தில் நின்றுபோனது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கட்டுமானத்தில் ஒரு குறையும் இல்லை. கீழே நாலு பக்கமும் வாசல் இருந்தது. ஆனால் மூன்று வாசலுக்கு முன்னால் கல்லும் கரியும் குவித்து வைத்திருந்தார்கள். லாரி வந்து நிற்க வசதியான ஒரே வாசலில் மட்டும் தினமும் சுண்ணாம்பு அள்ளினார்கள். அந்தப் பக்கத்துக் கல் வேகமாக இறங்கியது, வேகாமலே வெளியே வந்தது. மற்ற மூன்று பக்கமும் கல் நகராமல் தீயிலேயே நின்று, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுவரையும் பிடித்துக்கொண்டு பாறையாகிவிட்டது. கம்பி விட்டுக் குத்திப் பார்த்தோம், அசையவில்லை. தீயை அணைத்து, ஒரு வாரம் ஆறவிட்டு, மேலிருந்து உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யார் வரைபடம் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது அடிப்பகுதியைத்தான். நாலு வாசலிலும் முறை வைத்து, அளந்து அள்ள வேண்டும். நடுவில் தரையிலிருந்து ஒரு கூம்பு எழுப்பினால் கல் நாலு பக்கமும் சமமாகப் பிரிந்து இறங்கும். கூம்புக்குக் கூடுதல் செங்கல் செலவாகும் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். எந்த ஊர்க் கல் என்று எழுதவில்லை, அதுதான் இங்கே பெரிய விஷயம். அரியலூர், டால்மியாபுரம் பக்கத்துக் கல் கடல் படிவிலிருந்து வந்தது, உள்ளே சிப்பித் தடயமெல்லாம் இருக்கும். சங்ககிரி, மதுக்கரை, தாழையூத்து, பந்தல்குடிப் பக்கம் கிடைப்பது உருமாறிய கல். உடைத்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி படிகம் மின்னும். பார்க்க வெள்ளை வெளேரென்று, சுத்தத்தில் முதல் தரமாக இருக்கும். ஆனால் படிகம் பெரிதாக இருக்கும் கல்லில் சில வகை, சூடு ஏறும்போது படபடவென்று வெடித்துத் தூளாகிவிடும். அப்படிப்பட்ட கல்லை நிலைக்குத்துச் சூளையில் போட்டால், நாம் எவ்வளவு சலித்துப் போட்டாலும் உள்ளே போய் இடைவெளியை அடைத்துவிடும். இதை ஆய்வக அறிக்கையில் உள்ள சதவீதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் செங்கல் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் பாலிடெக்னிக்கிலோ ஆய்வகத்திலோ மின் உலை இருந்தால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் போட நினைக்கும் அளவில் பத்துக் கல்லை எடை போட்டு, அடையாளம் வைத்து, 1,000 டிகிரியில் வையுங்கள். வெடிக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்புறம் மணிக்கு ஒன்றாக வெளியே எடுத்து, ஆறவைத்து, மறுபடி எடை போட்டு உடைத்துப் பாருங்கள். நன்றாக வெந்த கல் அளவில் பெரிதாகச் சுருங்காது, ஆனால் எடை பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கும். கையில் எடுத்ததுமே அந்த இலேசு தெரியும். வேகாத கல்லை உடைத்தால் வெளியே வெள்ளையாக, நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு நிறம் மாறாத ஒரு கரு இருக்கும். அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும், சுற்றியுள்ள வெந்த பகுதி அப்படிப் பொங்காது. கரு எந்த மணி நேரத்தில் மறைகிறதோ அதுதான் உங்கள் கல்லுக்கு வேகும் பகுதியில் தேவையான குறைந்தபட்ச நேரம்.

இங்கே கல்லின் அளவு ஏன் முக்கியம் என்றால், கல் வெளியிலிருந்து உள்ளே தோல் தோலாக வேகிறது. வெந்த தோல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் 50 மி.மீ. கல்லைவிட 100 மி.மீ. கல் இரண்டு மடங்கு நேரத்தில் வெந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, மூன்று மடங்கையும் தாண்டும். இரண்டையும் கலந்து போட்டால், பெரியது வேகும்வரை சிறியது சும்மா கருகிக்கொண்டிருக்கும். பெரிய கல் சிறிய கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. 50 முதல் 100 மி.மீ. வரை நல்லது, 60 முதல் 90 என்றால் இன்னும் நல்லது. சல்லடையில் கழிந்ததைச் சூளைக்குள் தள்ளிவிடாமல் சல்லியாக விற்றுவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட உயரமும் விட்டமும். 5 டன் சுண்ணாம்புக்கு, கல்லில் கொஞ்சம் மாசும் சேர்த்து, தினமும் சுமார் 9.25 டன் கல் வேண்டும். குவித்த கல் கனமீட்டருக்கு 1.45 டன் என்றால் 6.4 கனமீட்டர். கல் மேலே போட்டதிலிருந்து கீழே அள்ளும் வரை இரண்டு நாள் உள்ளே இருக்கட்டும். சூடேற, வேக, ஆற எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த நேரம். அப்படியானால் உள் கனஅளவு 13 கனமீட்டருக்கு மேல் வேண்டும். உள் விட்டம் 1.5 மீட்டர் வைத்தால் பரப்பு 1.77 சதுரமீட்டர், உயரம் ஏழரை மீட்டர். உயரம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, இது சிறிய சூளைக்குப் பொருத்தமான விகிதம். இதே கனஅளவை 2.5 மீட்டர் விட்டத்தில் குட்டையாகவும் கட்டலாம் என்று கொத்தனார் சொல்வார், செலவும் குறையும். ஒத்துக்கொள்ளாதீர்கள். குட்டையான சூளையில் சூடேறும், வேகும், ஆறும் மூன்று பகுதிகளுக்கும் இடம் இருக்காது, தீ மேலே வந்துவிடும், சூடு வானத்துக்குப் போகும். அகலமான சூளையில் இயற்கைக் காற்றிழுப்பு மட்டும் இருந்தால் காற்று நடுவுக்குப் போகாது. சுவரை ஒட்டிக் கல் நெருக்கமாக அமராததால் காற்று எப்போதும் சுவரோரம் ஓடத்தான் பார்க்கும்.

விசிறி வேண்டுமா என்று கேட்டால், இந்த அளவுக்குக் கல் நன்றாகச் சலித்திருந்தால் மேலே நாலைந்து மீட்டர் புகைக்கூண்டே போதும் என்று கணக்கு வருகிறது, ஆனால் நூலிழைதான். மழைக்காலத்தில் ஈரக் கல்லில் தூள் ஒட்டிக்கொண்டு வரும்போது போதாமல் போகும். கீழே ஒரு சின்ன விசிறிக்கு வழி விட்டுக் கட்டிவிடுங்கள், தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம்.

உள்சுவருக்கு 23 செ.மீ. தீச்செங்கல், பின்னால் வெப்பக் காப்புச் செங்கல், அதற்கும் வெளியே நாட்டுச் செங்கல் அல்லது கருங்கல். வேகும் பகுதியில் மட்டும் அலுமினா அதிகமுள்ள செங்கல் போடுங்கள், சூடு எகிறும்போது சுண்ணாம்பு சாதாரணத் தீச்செங்கலோடு சேர்ந்து உருகி அதை அரித்துவிடும். வெளிச்சுவரைச் சுற்றி இரண்டு அடிக்கு ஒன்றாக இரும்புப் பட்டை கட்டாவிட்டால் முதல் சூட்டிலேயே நெடுக வெடிப்பு விடும். சுவரில் மூன்று உயரத்தில் துளை விட்டு வெப்பமானி செருகிவையுங்கள். தீ எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. வேகமாக அள்ளினால் தீ கீழே இறங்கும், வாசலில் கல் சிவப்பாக வரும். அள்ளாமல் விட்டால் தீ மேலே ஏறும். சூளைக்காரரின் வேலையில் முக்கால்வாசி அந்தத் தீயை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான்.

அடுத்தது கரி. சீமைக்கருவேலங்கரி போடலாம், நல்ல கரிதான். கிலோவுக்குச் சுமார் 7,000 கிலோகலோரி தரும். 1 கிலோ சுண்ணாம்புக்கு 1,200 என்று வைத்தால் 1 டன்னுக்கு 170 கிலோ சொச்சம், 5 டன்னுக்குத் தினமும் 850, 900 கிலோ கரி. கல்லோடு கலந்து போடுவதற்குப் புகை குறைவான எரிபொருள்தான் ஏற்றது. பச்சை நிலக்கரியோ விறகோ கலந்தால், அதிலுள்ள எரிவாயு மேல் பகுதியிலேயே ஆவியாகி, எரியாமல் புகையாகப் போய்விடும், காசு கொடுத்து வாங்கிய சூடு வீண். நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கல்கரி (கோக்) இந்த வேலைக்கு மிகச் சிறந்தது. குஜராத்தின் மிதாப்பூரில் சோடா உப்பு தயாரிக்கிற மாதிரியான ஆலைகளுக்குச் சுண்ணாம்பு மட்டுமல்ல, செறிவான கார்பன் டை ஆக்சைடு வாயுவும் வேண்டும். கல்கரி கலந்து சுடும் சூளையின் மேல்வாயில் அது 40 சதவீதத்தை நெருங்கும். விறகுக்கரியின் குறை இரண்டு: கல்லின் பாரத்தில் நொறுங்கித் தூளாகும், மேலே வரும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து எரியாமலே கார்பன் மோனாக்சைடாகிப் போகும். கரியைக் கல்லைவிடச் சிறிதாக, 25 முதல் 50 மி.மீ. வரை, தூள் இல்லாமல் சலித்துப் போடுங்கள். கூடை கணக்கு வேண்டாம், எடை போட்டுப் போடுங்கள்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். ராமநாதபுரம் பக்கம் விறகை அடுக்கி மண்ணால் மூடி, மூட்டம் போட்டு எடுக்கும் கரியில், விறகின் எடையில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. விறகிலிருந்த சூட்டில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே போய்விடுகிறது. உங்களுக்கு விறகு சுற்று வட்டாரத்திலேயே கிடைக்கிறது என்றால், சூளையின் பக்கவாட்டில் தனி அடுப்பு வைத்து, தீநாக்கை மட்டும் உள்ளே விடும் அமைப்பைப் பற்றியும் விசாரியுங்கள். சுண்ணாம்பில் சாம்பல் சேராது, வெள்ளையாக வரும். கஷ்டம் என்னவென்றால், பக்கத்திலிருந்து வரும் தீநாக்கு நடுவரை எட்டுவது சிரமம். சூளையை இன்னும் ஒடுக்கமாகவோ, நீள்வடிவத்திலோ கட்ட வேண்டியிருக்கும். ஆளும் ராத்திரி பகல் விறகு தள்ள வேண்டும். முதல் சூளை என்றால் கலந்து போடும் முறையிலேயே தொடங்குங்கள் என்பேன்.

பெரிய ஆலைகளில் இருக்கும் இரட்டைத் தண்டுச் சூளையைப் பார்த்துவிட்டு அதுபோலச் சிறியதாகக் கட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆஸ்திரியாவில் 1950களில் தொடங்கி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது அது. இரண்டு தண்டுகள் நடுவில் இணைந்திருக்கும். ஒன்றில் தீ எரியும்போது மற்றதில் புகை ஏறிக் கல்லைச் சூடாக்கும், கால் மணிநேரத்துக்கு ஒருமுறை இரண்டும் மாறும். அதில் ஓர் அருமையான யோசனை இருக்கிறது: தீயும் கல்லும் ஒரே திசையில், இரண்டும் கீழ்நோக்கிப் போகின்றன. தீ உச்சத்தில் இருக்கும் இடத்தில் பச்சைக் கல் இருக்கிறது. அது எவ்வளவு சூடு கொடுத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். வெந்து முடிகிற இடத்தில் சூடு தணிந்திருக்கும், அதனால் சுண்ணாம்பு கருகாது. ஆனால் வாயு, எண்ணெய், தூளாக்கிய கரி போல அளந்து செலுத்தக்கூடிய எரிபொருள், தானியங்கி வால்வு, அழுத்தக் காற்று எல்லாம் வேண்டும். 5 டன்னுக்குக் கட்டுப்படியாகாது.

கிளிஞ்சலைப் பற்றி: வேண்டாம். கிளிஞ்சல் சுத்தமான பொருள், மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். தட்டையாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும். கடலோரத்தில் கிளிஞ்சல் சுடுகிறவர்கள் இடுப்புயரக் காளவாயில் கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றிப் பரப்பி, கீழே காற்று ஊதிச் சில மணிநேரத்தில் எடுத்துவிடுகிறார்கள் அல்லவா? அந்தப் பொருளுக்கு அதுதான் சரியான சூளை. பழைய வழக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அந்தக் குட்டை உயரத்துக்கு முழுக் காரணம் இருக்கிறது. உங்கள் பழைய காளவாயை இடிக்காமல் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கருகிய சுண்ணாம்பைச் சிலர் ‘நன்றாக வெந்தது’ என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். 1,200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நின்ற சுண்ணாம்பு இறுகிவிடும், தண்ணீரில் போட்டால் உடனே பொங்காது. கொத்தனார் நீற்றிவிட்டதாக நினைத்துப் பூசிவிடுவார். சுவரில் போன பிறகு மாதக் கணக்கில் மெதுவாக நீறிக்கொண்டு, வீங்கி, பூச்சைப் பொட்டுப் பொட்டாகத் தள்ளும். பழைய கோயில், வீடு புதுப்பிக்கும் வேலைக்குச் சுண்ணாம்பு கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கு மிக முக்கியம். கல்லில் மக்னீசியம் இருந்தாலும் இதே தொல்லை வரும். கால்சியத்துக்குத் தேவையான சூட்டில் மக்னீசியம் ஏற்கெனவே கருகியிருக்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 712 சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை பிரிக்கிறது. பூச்சுக்கும் வெள்ளையடிப்புக்கும் நீங்கள் குறிவைக்க வேண்டியது சி வகை, சுத்தமான கொழுப்புச் சுண்ணாம்பு. சுக்கான்கல் சுட்டால் வருவது ஈ வகை, அது வேறு வேலைக்கு.

கடைசியாக, இதை எழுதாமல் இருக்க முடியாது. சூளையின் மேல்வாயில் வருவது கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும். இரண்டுக்கும் மணம் கிடையாது. குளிர்காலத்தில் கதகதப்புக்காகச் சூளை ஓரத்திலும் மேல்தளத்திலும் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். பல நாடுகளில், பல காலத்தில் நடந்த விஷயம் இது. கல் போடும் தளத்தை நாலு பக்கமும் திறந்துவிடுங்கள், தனி ஆளை மேலே அனுப்பாதீர்கள், யாரும் அங்கே தூங்கக் கூடாது. அடைப்பு எடுக்க உள்ளே இறங்குவது என்றால் சூளை முழுக்க ஆறி, காற்றோடி, கயிறு கட்டி, வெளியே ஆள் நின்ற பிறகுதான். சுட்ட சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அள்ளுகிற இடத்தில் கண்ணாடி கட்டாயம், பக்கத்திலேயே ஒரு தொட்டி நிறையச் சுத்தமான தண்ணீர். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கழுவாமல் ஓடக் கூடாது.

புதுச் சூளையை ஒரு வாரம் சிறு விறகுத் தீயில் காயவிட்ட பிறகே கல் ஏற்றுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், புகைக்கூண்டு உயரம் அங்கேதான் முடிவாகும். கல் எந்த ஊரிலிருந்து வருகிறது, உடைத்தால் படிகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, உலையில் வைத்தபோது வெடித்ததா, கரு எத்தனை மணியில் மறைந்தது என்று இதன் கீழேயே எழுதுங்கள். அந்த நாலும் கிடைத்தால் மேலே சொன்ன இரண்டு நாளைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்த்து, உயரத்தை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.